மூவரில் ஒருவர்



அழைப்பிதழில் போடத் தலைப்பு வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டபோது, "ஆல் ரிங்கர்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஐயா, அவர் யார்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்த உரையை எழுதி எடுத்துவந்திருக்கிறேன்.

ஹாலிவுட் படங்கள் பேசவும் பாடவும் தொடங்கிய 1929, 1930ஆம் ஆண்டுகளில் 'ரிதம் பாய்ஸ்' என்று ஒரு மூவர் குழு இருந்தது. ஒருவர் பிங் கிராஸ்பி. அவர் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சென்ற நூற்றாண்டில் உலகம் மிக அதிகமாகக் கேட்ட குரல்களில் ஒன்று அவருடையது. இன்னொருவர் ஹாரி பாரிஸ். அவர் இயற்றிய பாட்டுகளை இன்றும் ஜாஸ் பாடகர்கள் பாடுகிறார்கள். மூன்றாமவர் ஆல் ரிங்கர். கிராஸ்பியின் வாழ்க்கை வரலாற்றில் முதல் சில அத்தியாயங்களில் அவர் வருவார். 1931ஐத் தாண்டியதும் அவர் பெயர் அநேகமாக மறைந்துவிடும். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம், பேசிக்கொண்டிருந்த ஒருவரை வாசலில் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டதுபோல் எனக்கு இருக்கும்.

ரிங்கர் 1907 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் டீக்கோ என்ற சிற்றூரில் பிறந்தார். தாயார் கூர் டலேன் என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். வீட்டில் பியானோ இருந்தது, அம்மா வாசிப்பார். அந்தக் காலத்து நோய்களில் ஒன்று அவரைச் சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. அக்கா மில்ட்ரெட், பின்னாளில் மில்ட்ரெட் பெய்லி என்று ஜாஸ் உலகம் கொண்டாடிய பாடகி, அம்மாவிடமிருந்தே இசையை எடுத்துக்கொண்டார். தம்பிக்கு வந்தது காது. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனால் ஓர் இசைத்தட்டை இரண்டு மூன்று முறை கேட்டால் போதும், எந்த வாத்தியம் எந்த சுரத்தில் நிற்கிறது என்று பியானோவில் எடுத்துவிடுவார்.

ஸ்போக்கேன் நகரத்தில் பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஒரு வாத்தியக்குழு வைத்திருந்தார்கள். அதற்கு மேளம் அடிக்க ஆள் தேவைப்பட்டது. கான்சாகா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தபாலில் தருவித்த டிரம்ஸ் செட் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவரை அழைத்தார்கள். அவர்தான் கிராஸ்பி. ரிங்கரைவிட நான்கு வயது மூத்தவர். இசைத்தட்டுக் கடையில் புதிய தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். வாங்கக் காசு கிடையாது. கேட்டதை மனத்தில் ஏந்திக்கொண்டு வந்து ரிங்கர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைச் சொல்லிக்கொடுப்பார். ஏட்டில் இல்லாமல் காதில் வளர்ந்த குழு அது. குழு கலைந்த பிறகும் இவர்கள் இருவர் மட்டும் பிரியவில்லை. ஊரிலிருந்த கிளெம்மர் தியேட்டரில் படக்காட்சிகளுக்கு நடுவே பாடினார்கள். அந்தத் தியேட்டருக்கு இன்று பிங் கிராஸ்பி தியேட்டர் என்று பெயர்.

1925 அக்டோபரில் இருவரும் காசு போட்டு வாங்கிய ஒரு பழைய ஃபோர்டு மாடல்-டி காரில் லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பினார்கள். ரிங்கருக்கு அப்போது பதினெட்டு வயது நிறையவில்லை. சென்று இறங்கிய இடம் அக்கா வீடு. மில்ட்ரெட் இவர்களுக்குச் சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, நாடகக்காரர்களிடம் அறிமுகமும் செய்துவைத்தார். ஓராண்டுக்குள் வாட்வில் என்னும் பல்சுவை மேடைகளில் 'கிராஸ்பியும் ரிங்கரும்' என்று பெயர் வந்துவிட்டது. 1926 கடைசியில் வாத்தியக்குழுத் தலைவர் பால் வைட்மன் இவர்களைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அன்றைய அமெரிக்காவில் வைட்மன் குழுவில் இடம் கிடைத்தால் அதற்கு மேல் ஏற ஒரு படி இல்லை. இசையமைப்பாளர் கெர்ஷ்வினிடம் 'ராப்சடி இன் ப்ளூ' கேட்டு எழுதவைத்து 1924இல் அரங்கேற்றியவர் அவர்.

சிகாகோவில் கைதட்டல் கிடைத்தது. நியூயார்க்கில் பாரமவுண்ட் தியேட்டர் மேடையில், 1927 ஜனவரியில், இருவரும் தோற்றுப்போனார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில், ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஒரு சிறு பியானோவை வைத்துக்கொண்டு காதோரம் பேசுவதுபோல் பாடும் இரண்டு இளைஞர்களின் குரல் பாதி வரிசைகளுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பாடிய விதத்துக்கு மைக் தேவைப்பட்டது. அந்த மேடையில் அது இன்னும் வந்திருக்கவில்லை.

குழுவின் வயலின்காரர் மாட்டி மால்னெக், ஹாரி பாரிஸைக் கொண்டுவந்து சேர்த்தார். பாரிஸ் சும்மா உட்காரத் தெரியாதவர். பியானோவில் பாடிக்கொண்டே அதன் மூடியைப் படார் என்று அறைந்து தாளம் போடுவார். இரண்டு பியானோக்களில் ரிங்கரும் பாரிஸும், நடுவில் கையில் ஒரு சிறு சிம்பலுடன் கிராஸ்பி. 1927இல் 'ரிதம் பாய்ஸ்' பிறந்தது இப்படித்தான். பாரிஸ் இசையமைத்த 'மிசிசிப்பி மட்' அவர்களுக்கு அடையாளமாகிவிட்டது.

இங்கே சற்று நின்று, மூன்று பேர் சேர்ந்து பாடுவது என்றால் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். தனியாகப் பாடுகிறவர் தன் இஷ்டத்துக்கு மூச்சு வாங்கலாம். மூவர் பாடினால் மூவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க வேண்டும். அல்லது ஒருவர் வாங்கும்போது மற்ற இருவர் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். 'ஆ' என்று ஒருவர் வாயை அகலத் திறந்து, இன்னொருவர் குவித்துத் திறந்தால், சுருதி சரியாக இருந்தாலும் காதுக்குப் பிசகாகத்தான் கேட்கும். ஆங்கிலத்தில் பல சொற்கள் 'ஸ்' என்று முடியும். மூவரும் அந்த 'ஸ்'ஸைச் சேர்த்துச் சொன்னால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த ஓசை மைக்கில் விழும். அதனால் குழுப்பாடகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் மட்டும் அந்த எழுத்தைச் சொல்வார், மற்றவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்வார்கள். கேட்பவருக்கு மூவரும் சொன்னதாகவே தோன்றும். ஒரு சொல்லின் கடைசி எழுத்தைக் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்துப் பழகுவதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பல இரவுகள் அந்தத் தட்டுகளில் ரிங்கர் குரலைத் தேடியிருக்கிறேன். கிராஸ்பியின் கனத்த குரல் அடியில் ஓடுகிறது, அது எளிதில் தெரிந்துவிடுகிறது. பாரிஸ் இடையிடையே பொருளில்லாத அசைகளை வெடித்துத் துப்புகிறார், அதுவும் தெரிகிறது. மேலே மெல்லிய ஒரு கோடுபோல் ரிங்கர் இருக்கிறார். அவர் மேல் கவனத்தை வைத்தால் மற்ற இரண்டும் மங்குகின்றன, பாட்டும் சிதறிப்போகிறது. கவனத்தை எடுத்தால் அவர் மறைகிறார், பாட்டு சேர்ந்துகொள்கிறது. அவர் குரல் தனியாக என் கைக்குச் சிக்காததே அவர் தேர்ச்சிக்குச் சான்று என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

இனி ஹாலிவுட். வைட்மனை வைத்து யூனிவர்சல் நிறுவனம் 'கிங் ஆஃப் ஜாஸ்' என்ற வண்ணப்படம் எடுக்கத் திட்டமிட்டது. 1929 கோடையில் ஒரு தனி ரயிலில் மொத்தக் குழுவும் கலிஃபோர்னியா போய் இறங்கியது. கதை தயாராக இல்லை. ஸ்டுடியோ வளாகத்தில் குழுவினர் பொழுதுபோக்க ஒரு விடுதியே கட்டிக்கொடுத்தார்கள். கலைஞர்கள் புதிய ஃபோர்டு கார்களை வாங்கி, பின்னால் தொங்கும் உபரிச் சக்கரத்தின் உறையில் வைட்மனின் குண்டு முகத்தைக் கேலிச்சித்திரமாக வரைந்துகொண்டு ஊர் சுற்றினார்கள். வேலை நடக்கவில்லை. நியூயார்க் திரும்பிப்போய், இலையுதிர்காலத்தில் மறுபடி வந்தார்கள். இந்தக் காத்திருப்பில் ரிங்கர் வீட்டுக்கு ஒரு நல்லது நடந்தது. மில்ட்ரெட் வீட்டில் நடந்த ஒரு விருந்துக்கு வைட்மனை அழைத்துவந்து, அக்காவைப் பாடவைத்தார்கள். வைட்மன் அவரை உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டார். பெரிய நடன வாத்தியக்குழு ஒன்றில் நிலையாகப் பாடிய முதல் பெண் என்று இன்று மில்ட்ரெட் பெய்லியைச் சொல்கிறார்கள்.

படத்தை இயக்கியவர் ஜான் மரே ஆண்டர்சன், நியூயார்க் மேடையிலிருந்து வந்தவர். கதை என்று எதுவும் இல்லை; ஒரு பெரிய ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் பாட்டும் ஆட்டமும் வேடிக்கையும் மாறிமாறி வரும். அன்றைய டெக்னிகலர் இரண்டே நிறங்களால் ஆனது, சிவப்பு, பச்சை. நீலம் அதில் விழாது. ஆனால் படத்தின் உச்சக் காட்சி 'ராப்சடி இன் ப்ளூ'. ஆண்டர்சனும் கலை இயக்குநர் ஹெர்மன் ரோஸும் வெள்ளியையும் சாம்பலையும் பசுமை கலந்த ஒரு நிறத்தையும் அடுக்கி, கண்ணை ஏமாற்றி நீலத்தை உணரவைத்தார்கள். ஒரு பிரம்மாண்டமான பியானோவின் மூடி திறக்கும். உள்ளேயிருந்து வாத்தியக்காரர்கள் எழுந்து வருவார்கள். ரோஸுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

பாடகர்களுக்கு முக்கியமானது வேறு. பேசும்படம் வந்த புதிதில் கேமரா ஓசை கேட்டுவிடக் கூடாது என்று அதை ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்துவைத்தார்கள். பாட்டும் படமும் ஒரே நேரத்தில் பதிவாகும். மைக்கை எங்கே ஒளித்துவைத்தார்களோ அதன் பக்கத்திலேயே பாடகர் நின்றாக வேண்டும். வைட்மன் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. இசையை முதலில் அமைதியான இடத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பிறகு அதை ஒலிக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று நின்றார். முழுநீளப் படம் ஒன்றில் இந்த முறையை இவ்வளவு விரிவாகக் கையாண்ட முதல் படங்களில் இது ஒன்று. கேமராவுக்கு விடுதலை கிடைத்தது. குழுப்பாடகருக்குப் புதிதாக ஒரு பாடு வந்தது: பாடி முடித்துப் பல நாள் ஆன பாட்டுக்கு மூன்று வாய்களும் ஒன்றாக அசைய வேண்டும். தனிப்பாடகர் கொஞ்சம் பிந்தினால் தலையைத் திருப்பிச் சமாளிக்கலாம். மூன்று முகம் ஒரே சட்டத்தில் இருக்கும்போது பிந்திய வாய் பக்கத்து வாயோடு ஒப்பிட்டு உடனே அகப்பட்டுக்கொள்ளும். இரண்டு வண்ண டெக்னிகலருக்குத் தேவைப்பட்ட விளக்குகளின் வெப்பம் வேறு.

அந்தப் படத்தில் 'ஹேப்பி ஃபீட்' பாட்டில் மூவரையும் பார்க்கலாம். 'எ பெஞ்ச் இன் த பார்க்' பாட்டில் ப்ராக்ஸ் சகோதரிகள் மூவரும் இவர்கள் மூவரும் சேர்கிறார்கள். அந்தச் சகோதரிகளும் குழுப்பாடகர்களே, 1929இல் எம்.ஜி.எம். எடுத்த 'ஹாலிவுட் ரெவ்யூ'வில் 'சிங்கிங் இன் த ரெய்ன்' பாடியவர்கள். ரிங்கருக்கு அப்போது 22 வயது. ஒல்லியான உருவம், வாரிவிட்ட தலைமுடி. அவர் கண்ணைக் கவனித்தால் கேமராவைவிடப் பக்கத்தில் நிற்பவர்களையே அதிகம் பார்ப்பதுபோல் எனக்குப் படும். அது என் பிரமையாகவும் இருக்கலாம். ஆனால் குழுவில் பாடிப் பழகியவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

படப்பிடிப்புக்கு நடுவே கிராஸ்பி குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்தில் சிக்கினார். 60 நாள் சிறை. போலீஸ் காவலோடு ஸ்டுடியோவுக்கு வந்து தம் பகுதிகளை நடித்துவிட்டுப் போனார். அவர் தனியாகப் பாடவேண்டியிருந்த 'சாங் ஆஃப் த டான்' ஜான் போல்ஸுக்குப் போயிற்று. இந்த நிகழ்ச்சியைக் கிராஸ்பியின் இழப்பாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். ஒருவர் சிறையில் இருக்கும்போது மூவர் குழுவில் மற்ற இருவர் என்ன பாட முடியும் என்பதை யாரும் எழுதுவதில்லை.

இந்தப் படத்தைப் புகழும்போது ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. கடைசிக் காட்சியில் ஒரு பெரிய கொப்பரை. பல ஐரோப்பிய நாடுகளின் இசையெல்லாம் வரிசையாக வந்து அதில் விழுந்து, ஜாஸ் என்று வெளிவருகிறது. ஜாஸைப் பெற்றெடுத்த கறுப்பின மக்கள் அந்த வரிசையில் இல்லவே இல்லை. 'மிசிசிப்பி மட்' பாட்டின் பழைய வரிகளிலும் அவர்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் இருந்தது; பிற்காலத்தில் அதை மாற்றிப் பாடினார்கள். நான் மதிக்கும் கலைஞர்கள் அந்தச் சொல்லைப் பாடியது எனக்கு வருத்தம் தருகிறது. காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை.

அந்தப் படம் வெளியான 1930ஆம் ஆண்டிலேயே இதன் மறுபக்கமும் நடந்தது. ஆர்.கே.ஓ. நிறுவனம் 'செக் அண்ட் டபுள் செக்' என்றொரு படம் எடுத்தது. வானொலியில் புகழ்பெற்ற இரண்டு வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களாக நடித்த படம். அதில் ஒரு விருந்துக் காட்சிக்குக் கறுப்பின இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் வாத்தியக்குழு வந்தது. குழுவில் நிறம் வெளுத்திருந்த இருவருக்கு, பார்னி பிகார்டுக்கும் ஹுவான் டிசோலுக்கும், மேலும் கறுப்புச் சாயம் பூசினார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழுவில் சேர்ந்து வாசிப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துவிடக் கூடாதாம். அந்தக் காட்சியில் 'த்ரீ லிட்டில் வேர்ட்ஸ்' என்ற பாட்டு வரும். எலிங்டனின் டிரம்பெட் கலைஞர்கள் மூவர் வாத்தியத்தை இறக்கிவிட்டு, வாய்க்கு எதிரே பிடித்த மெகாஃபோன்களில் வாயசைக்கிறார்கள். கேட்பது ரிதம் பாய்ஸ் குரல்.

எத்தனையோ முறை அந்தக் காட்சியை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியும் மூவரும் பெரிய கலைஞர்கள். அவர்கள் பெயர் ஆர்தர் வெட்சால், ஃப்ரெடி ஜென்கின்ஸ், கூட்டி வில்லியம்ஸ். தம் மூச்சால் உலகத்தைக் கட்டிப்போட்ட அவர்களுடைய வாயில் வேறு மூவரின் குரலை வைத்திருக்கிறார்கள். குரலுக்கு உரியவர்களின் முகம் திரையில் இல்லை. முகத்துக்கு உரியவர்களின் குரல் திரையில் இல்லை. ஆறு பேரில் ஒருவர்கூட முழுதாக அங்கே இல்லை. ஆனால் பாட்டு இருக்கிறது. அது நாடெங்கும் பரவியது. எலிங்டன் குழுவும் ரிதம் பாய்ஸும் சேர்ந்து அதைத் தட்டாகவும் பதிந்தார்கள். ஸ்டுடியோவின் நிறக்கணக்கு ஒரு சட்டத்தில் சேர்க்க மறுத்தவர்களை ஒலித்தடம் சேர்த்துவைத்திருக்கிறது. எனக்கு அந்தக் காலத்துப் பாட்டுப் படங்களில் இதைவிடக் கனமான இரண்டு மூன்று நிமிடங்கள் வேறு இல்லை.

'கிங் ஆஃப் ஜாஸ்' 1930இல் வெளியானது. நியூயார்க் ராக்ஸி தியேட்டரில் வைட்மனும் கெர்ஷ்வினும் நேரில் மேடையேறியும் கூட்டம் நிலைக்கவில்லை. ஹாலிவுட் அந்த ஓராண்டில் நூறுக்கும் மேற்பட்ட பாட்டுப் படங்களைக் கொட்டியிருந்தது, மக்களுக்குத் திகட்டிவிட்டது. 1931இல் வந்தவை பதினான்கே. இந்தச் சரிவில் முதலில் வேலை போனது குழுப்பாடகர்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும்.

மூவரும் அதற்குள் வைட்மனை விட்டு விலகி, லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலின் காக்கனட் குரோவ் அரங்கில் கஸ் ஆர்ன்ஹைம் குழுவோடு பாடத் தொடங்கியிருந்தார்கள். இரவுதோறும் வானொலி அங்கிருந்து நேரடியாக ஒலிபரப்பும். 1930 நவம்பரில் பதிந்த 'தெம் தேர் ஐஸ்' மூவரும் சேர்ந்து பாடிய கடைசித் தட்டு. அதில் மூன்று குரலும் பொருந்தியிருக்கும் நேர்த்தியைக் கேட்டால், பிரியப்போகிறவர்கள் பாடியது என்று நம்ப முடியாது. சில வாரம் கழித்துப் பாரிஸ் இசையமைத்த 'ஐ சரண்டர் டியர்' பதிவானது. பாடியவர் கிராஸ்பி மட்டும். மைக் இப்போது வந்துவிட்டது. அதற்கு மிக அருகே ஒரு குரல் முணுமுணுத்தால் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது தமக்காகவே பாடியதாகப் படுகிறது. பாரமவுண்ட் தியேட்டரில் இருவரும் சேர்ந்து எதற்காக ஏங்கினார்களோ அந்தக் கருவி வந்து, ஒருவரை மட்டும் அழைத்துக்கொண்டது.

1931இல் சம்பளப் பிடித்தம் தொடர்பாகக் காக்கனட் குரோவ் நிர்வாகத்தோடு தகராறு வந்தது. மூவரும் வெளியேறினார்கள், இசைக்கலைஞர் சங்கம் தடை போட்டது. கிராஸ்பி நியூயார்க் போய் சி.பி.எஸ். வானொலியில் தனி நிகழ்ச்சி தொடங்கினார். மற்றது உங்களுக்குத் தெரியும். ரிங்கருக்கு அப்போது 23 வயது. திரையில் குழுப்பாடகராக அவர் வாழ்க்கை அதோடு முடிந்தது.

கிராஸ்பி தனியாகப் பாடிய பாட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு: தாளத்துக்குச் சற்றுப் பின்னால் சொல்லை வைத்து, அடுத்த அடியில் பிடித்துக்கொள்வார். அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? பக்கத்தில் இருவர் தாளத்தைத் தாங்கிக்கொண்டிருந்த நாலைந்து ஆண்டுப் பழக்கத்திலிருந்து வந்தது என்பது என் முடிபு. தனிக்குரலைப் பற்றி எழுதுகிறவர்கள் அது கிடந்து வளர்ந்த தொட்டிலையும் எழுத வேண்டும் என்று கேட்பதற்காகத்தான் இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

பாரிஸ் பாட்டுகள் இயற்றினார்; பல படங்களில் பெயர் போடாத பியானோக்காரராக வந்துபோனார்; 1962இல் காலமானார். மில்ட்ரெட் 1951இலேயே போய்விட்டார். ரிதம் பாய்ஸ் மூவரும் 1943 ஜூலை 4ஆம் நாள் வைட்மனின் வானொலி நிகழ்ச்சியில் ஒருமுறை சேர்ந்து பாடினார்கள். ரிங்கர் வானொலி நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். மைக்குக்கு இந்தப் பக்கம் நின்றவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு மற்றவர் குரல்களைச் சீர்செய்தார். ஃப்ளாய்ட் ஹடில்ஸ்டன் என்ற பாடலாசிரியரோடு சேர்ந்து பாட்டுகளுக்கு மெட்டமைத்தார்.

அந்தக் கூட்டணியின் ஒரு பாட்டை இந்த அரங்கில் இருக்கும் பிள்ளைகள் அநேகமாகக் கேட்டிருப்பார்கள். 1970இல் டிஸ்னி வெளியிட்ட 'த அரிஸ்டோகேட்ஸ்' படத்தில் தெருப்பூனைகள் கூட்டமாகச் சேர்ந்து ஜாஸ் பாடி, மாடியிலிருந்து தளம் இடிந்து தளம் விழுந்து, பியானோவோடு தெருவுக்கு வந்துசேரும் ஒரு காட்சி உண்டு. 'எவ்ரிபடி வான்ட்ஸ் டு பி எ கேட்' என்ற அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் ஆல் ரிங்கர். அப்போது அவருக்கு வயது 63 நடந்துகொண்டிருந்தது. அதில் ரஷ்யப் பூனைக்குக் குரல் கொடுத்த தர்ல் ரேவன்ஸ்கிராஃப்ட் 'மெல்லோமென்' என்ற குழுவில் அடிக்குரல் பாடியவர், அவரும் ஒரு குழுப்பாடகர். பாட்டை மறுபடி கேட்கும்போது பியானோவைக் கவனியுங்கள். பிறகு ஒவ்வொரு பூனையும் தன் முறை வரும்வரை காத்திருந்து, முன்னால் பாடியதன் வாலைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவதைக் கவனியுங்கள். ஸ்போக்கேனில் தட்டுக் கடையிலிருந்து திரும்பிவந்து, பள்ளிப் பையன்களுக்கு அவரவர் பகுதியைச் சொல்லிக்கொடுத்த அதே கை அது.

அவர் 1982 ஜூன் மாதம் மறைந்தார்.